பாக்கு நிறக் கோட்டின் முதுகு

என் கல்யாணத்தில் அப்பா மாப்பிள்ளைக்கு ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்தார். நடந்த இடம் கும்பகோணம், மாதம் சித்திரை. மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவரும் ஜானவாசத்தன்று அதைப் போட்டுக்கொண்டு திறந்த காரில் உட்கார்ந்த என் கணவர், கோவிலிலிருந்து சத்திரம் வந்து சேர்வதற்குள் பாதியாக இளைத்துவிட்டதாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல பாக்கு நிறக் கோட்டு. அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அவருடைய சம்பாத்தியத்துக்கு அது பெரிய காரியம். "சீமைத் துணியாக்கும்" என்று சம்பந்தி வீட்டாரிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

கோட்டும் நானும் ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்தோம். மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், இவருக்கு ஒரு அறையும் சமையலறையும் இருந்தன. இருந்த ஒரே டிரங்குப் பெட்டியில் கோட்டை வைத்தால் என் புடவைகளுக்கு இடமில்லை. ஆணியில் மாட்டினால் அறைக்குள் இன்னொரு ஆள் நிற்பதுபோல் இருந்தது. முதல் மழைக்காலத்தில் அது நனையாமலே நனைந்த ஆடு மாதிரி நாறியது. இவர் ஆபீசுக்கு வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவர். இரண்டு வருஷத்தில் அந்தக் கோட்டை ஒரு நாளும் தொடவில்லை.

அந்தக் காலத்தில் வியாழக்கிழமை மத்தியானங்களில் எங்கள் கட்டடத்துக்குப் பாத்திரக்காரி வருவாள். குஜராத்தி பேசுகிறவள். தலையில் ஒரு பெரிய கூடை நிறைய எவர்சில்வர், தோளில் ஒரு துணி மூட்டை. பழைய துணியைக் கொடுத்தால் புதுப் பாத்திரம் கொடுப்பாள். அறுபதுகளில் மாதுங்காச் சமையலறைகளில் பளபளத்த எவர்சில்வரில் பாதி, அந்தந்த வீட்டு ஆண்களின் கால்சட்டைகள்தான்.

அன்றைக்கு அவள் கூடையில் ஒரு அடுக்கு இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து பாத்திரம். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நான் இரண்டு கால்சட்டையையும் ஒரு பழைய புடவையையும் காட்டினேன். அவள் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, என் தோளுக்கு மேலே ஆணியைப் பார்த்தாள்.

"வோ கோட்?" என்றாள்.

"வோ நஹி" என்றேன் நான். எனக்கு அப்போது ஹிந்தியில் அதிகம் தெரிந்த வார்த்தை அதுதான்.

அவள் அடுக்கைத் திரும்பக் கூடையில் வைக்க ஆரம்பித்தாள். நிதானமாக, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் 'ணங்' என்று கேட்கிற மாதிரி. ஐந்தாவது பாத்திரம் உள்ளே போவதற்குள் நான் ஆணியிலிருந்து கோட்டை எடுத்துவிட்டேன்.

இவரிடம் நான் சொல்லவில்லை. இவரும் கவனிக்கவில்லை. பத்து நாள் கழித்து அப்பாவிடமிருந்து ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. செம்பூரில் எங்கள் ஒன்றுவிட்ட அத்தையின் பிள்ளைக்குக் கல்யாணம், தான் அதற்கு வருவதாகவும் எங்களோடு நாலு நாள் தங்கப்போவதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி மடிப்பில் இருந்தது: ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை அவசியம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வர வேண்டும், செம்பூர்க்காரர்கள் பார்க்கட்டும்.

சாயங்காலம் இவர் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஏன்னா, அந்தக் கோட்டு இல்லே."

"எந்தக் கோட்டு?"

"கல்யாணக் கோட்டு. பாத்திரக்காரிகிட்டே போட்டுட்டேன்."

இவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க முடியாது. "நெஜமாவா? தொலைஞ்சுதா! என்ன குடுத்தா?"

அடுக்கைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, "பேஷ் பேஷ்" என்றார். அப்புறம்தான் கடிதத்தைக் கொடுத்தேன். மடிப்புக்கு வந்ததும் மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. "வெய்யில்லே போட்டுக்கணும்னு வேற எழுதியிருக்காரா?" என்று கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பாத்திரக்காரி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். கோட்டு வேண்டும், அடுக்கைத் திரும்பத் தருகிறேன் என்று எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையிலும் தெரியாத நாற்பது சைகையிலும் சொன்னேன். யாரோ செத்துப்போனார்கள் என்று அவள் நினைத்தாள் போலிருக்கிறது, என் தலையைத் தடவிக்கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாமி வந்து மொழிபெயர்த்த பிறகு விஷயம் புரிந்தது. கோட்டைத் துணிச் சந்தையில் விற்றாயிற்று. கம்பளித் துணியாக வந்தால் மொத்தமாக வாங்குகிறவர் ஒரே ஆள்தான். தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் ஒரு மதராஸி, குல்லா போட்டவர்.

ஞாயிற்றுக்கிழமை இவரும் நானும் தாராவிக்கு நடந்தோம். தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் மாதுங்காக்காரர்கள் அநேகமாகப் போகாத இடம். தோல் பதனிடும் வாசனைக்கு இவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஆனால் சந்துக்குள் போகப் போகக் காதில் விழுந்ததெல்லாம் தமிழ். குழாயடியில் சண்டை கூடத் தமிழில் நடந்தது. குல்லாக்காரர் பட்டறையைக் கேட்டதும் சண்டையை நிறுத்திவிட்டு ஐந்து பேர் வழி காட்டினார்கள், ஐந்தும் வேறு வேறு வழி.

பட்டறை என்பது ஜன்னல் இல்லாத ஒரு அறை. மஞ்சளாக ஒரு குண்டு பல்பு. நாலு தையல் மெஷின்கள். சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்குக் கோட்டுகள், பார்ஸிக்காரர்கள் போட்டவை, ரயில்வேக்காரர்கள் போட்டவை, பட்டாளத்துக் கம்பளிகள். கைலி கட்டி, வெள்ளைக் குல்லா போட்ட நடுவயதுக்காரர் ஒருவர், கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு கோட்டின் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"வாங்கம்மா, வாங்க சார். என்ன வேணும்?"

"ஒரு கோட்டு" என்றார் இவர்.

"இங்க கெடக்கது பூராவும் கோட்டுதான் சார். எந்தக் கோட்டு?"

நான் அடையாளம் சொன்னேன். பாக்கு நிறம். கழுத்துப் பட்டையில் ஜானவாசத்துச் சந்தனக் கறை. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அடடா. அதுக்கு முதுகு போயிட்டேம்மா."

அவர் சொன்னதிலிருந்து தொழில் இதுதான் என்று புரிந்தது. பழைய கம்பளிக் கோட்டுகளைப் பிரித்து, வெளுத்து, குழந்தைகளுக்குக் கையில்லாத பனிச்சட்டையும் காதுக் குல்லாயும் தைப்பார். உல்லாஸ்நகரிலிருந்து ஒரு சிந்தி வியாபாரி வந்து மூட்டையாக எடுத்துக்கொண்டு போய் டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் அனுப்புவார். ஒரு கோட்டில் பெரிய, மடிப்பில்லாத, பை இல்லாத துண்டு முதுகுதான். அதனால் முதலில் வெட்டுவது அதை. எங்கள் கோட்டின் முதுகு இரண்டு பனிச்சட்டைகளாகி, முந்தின நாள்தான் உல்லாஸ்நகருக்குப் போயிருந்தது.

"முன்பக்கம் ரெண்டும் இருக்கு, கை ரெண்டும் இருக்கு" என்று மூலையிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பினார். சந்தனக் கறை இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அப்பாவே முதுகில்லாமல் மேஜையில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

இவர் எங்கள் கஷ்டத்தைச் சொன்னார். கும்பகோணத்திலிருந்து மாமனார் வருகிறார், ரிசப்ஷன், செம்பூர் எல்லாம். குல்லாக்காரர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, முன்பக்கத் துண்டை பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தச்சுத் தந்துருதேன். ஆனா ஒண்ணு கேக்கணும் சார். இந்தக் கோட்டு உங்களுக்குப் புதுசா வந்ததா?"

"புதுசுதான். மாமனார் கொடுத்தது. சீமைத் துணி."

"துணி சீமைத் துணிதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இது ஏற்கெனவே ஒருக்க திருப்பித் தச்ச கோட்டு." என்று விரலால் காட்டினார். "மேல் பை எந்தப் பக்கம் இருக்கு பாருங்க. வலப்பக்கம்லா இருக்கு? கோட்டுக்கு மேல் பை இடப்பக்கம்தான் இருக்கும். யாரோ பத்துப் பதினஞ்சு வருசம் போட்டுத் தேஞ்ச கோட்டைப் பிரிச்சு, உள்ளத வெளியவும் வெளியத உள்ளயும் ஆக்கித் தச்சிருக்காவ. பழைய பொத்தான் காஜாவ நூலால அடைச்சிருக்காவ. நல்ல கைவேலை. கும்மோணத்துலயா? அந்த டெய்லருக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லுங்க."

இவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மெஷினில் இருந்தவர்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்பாவின் வக்கீல் வெளியூர் போகும்போது பாக்கு நிறத்தில் ஒரு கோட்டு போடுவார். அது என் கண்முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் சொன்னேன், "எங்கப்பாவ ஒண்ணும் கேக்கப்படாது."

"நான் ஏன் கேக்கப் போறேன்? அவர் பழசக் குடுத்தார், நீ அதப் பாத்திரத்துக்குப் போட்டே. கணக்குச் சரியாப் போச்சு." தண்டவாளத்தைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். நான் நாலடி முன்னாலேயே நடந்தேன்.

அடுத்த வாரம் கோட்டு தயாரானது. முதுகுக்கு ஒரு பட்டாளத்துக் கம்பளியை வெட்டி வைத்திருந்தார். "இதுதான் சார் நிறம் கிட்டக்க வந்துது" என்றார். குண்டு பல்பு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் ஒரே பாக்கு நிறம். தையல் எங்கே சேர்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேல் பையைக்கூட இடப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார், கேட்காமலே. கம்பளி கனமாக இருந்ததால் இவர் கொஞ்சம் கூனினாற்போல் தெரிந்தார், அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. காகிதத்தில் சுற்றிக் கொடுத்த கோட்டை, அப்பா வந்து ரிசப்ஷனுக்குக் கிளம்பும்போது, இருட்டின பிறகுதான் பிரித்தோம்.

அந்த நிம்மதி செம்பூர்க் கல்யாண மண்டபத்தின் வாசல்வரை இருந்தது. அங்கே வரிசையாக டியூப் லைட் போட்டிருந்தார்கள். அப்பா முன்னால் போக, இவர் பின்னால் போக, நான் இவருக்குப் பின்னால் போனேன். வெளிச்சத்துக்குள் நுழைந்ததும் இவர் முதுகு பச்சையாக மாறியது. பாசிப் பச்சை. முன்பக்கம் பாக்கு நிறம், பின்பக்கம் குளத்துப் படிக்கட்டு.

புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இவர் காதில் சொன்னேன், "ஏன்னா, முதுகு பச்சையா இருக்கு. திரும்பாதீங்கோ."

அதற்கப்புறம் இவர் திரும்பவே இல்லை. முதலில் சுவரில் சாய்ந்துகொண்டார். அப்பா உறவுக்காரர்களிடம் அறிமுகம் செய்யக் கூப்பிட்டபோது, சுவரோடு உரசிக்கொண்டே நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்தார். மேடைக்குப் போய் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, திரும்பி நடக்காமல், சுவர்ப் பக்கமாக இறங்கும் ஓரப் படிகள் ஐந்தையும் பின்னோக்கியே இறங்கினார். கடைசிப் படியில் ஒரு நாதஸ்வரக்காரரின் தாம்பாளத்தில் கால் வைத்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உம்ம மாப்பிள்ளையா? சந்நிதியிலேர்ந்து வர்ற மாதிரி பின்னாலேயே நடந்து வரார் பாரும். பெரியவாளுக்கு முதுகைக் காட்டப்படாதுன்னு இந்தக் காலத்துப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கே! பம்பாயிலே இப்படி ஒரு பிள்ளையா?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் நாலு பெரியவர்களிடம் கூட்டிக்கொண்டு போனார். நாலு பேரிடமிருந்தும் இவர் பின்னோக்கியே விலகினார். மே மாதப் புழுக்கத்தில் பட்டாளத்துக் கம்பளிக்குள் இவர் கொதித்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அதையும் பக்தி என்று யாராவது எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கடைசியில் போட்டோ. போட்டோக்காரர் எல்லோரையும் நெருக்கி நிறுத்தினார். அப்பா மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்று, பாசமாக முதுகில் கையைப் போட்டார். போட்ட கை அங்கேயே நின்றது. மெதுவாக ஒரு தடவை மேலே போனது, ஒரு தடவை கீழே வந்தது. அப்பா தலையைச் சாய்த்து இவர் முதுகை எட்டிப் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் போட்டோ எடுத்தார்கள். அந்தப் படத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள், அப்பா மட்டும் இவர் முதுகைப் பார்க்கிறார், நான் அப்பாவைப் பார்க்கிறேன்.

சாப்பாட்டில் அப்பா பாயசத்தை இரண்டாம் முறை வேண்டாம் என்றார். பஸ்ஸில் மூன்று பேரும் உட்கார்ந்ததும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட இவரிடம், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாப்ளே, நீங்க என்னை மன்னிக்கணும்."

இவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார்.

"அது புதுக் கோட்டு இல்லே. எங்க வக்கீல் போட்டுண்ட கோட்டு. அப்போ கையிலே வசதி இல்லே. அவாத்துலே கேட்டு வாங்கித் திருப்பித் தைக்கச் சொன்னேன். டெய்லர் பத்து வருஷம் தாங்கும்னான். ரெண்டு வருஷத்திலே முதுகு போயிடுத்து போலிருக்கு. நீங்க வெளியிலே சொல்லாம, என் மானத்தைக் காப்பாத்த ஒட்டுப் போட்டுண்டு, ராத்திரி பூரா எல்லாருக்கும் முகத்தையே காட்டிண்டு நின்னேள். எனக்குப் புரிஞ்சுது மாப்ளே. பின்னாலே நடந்தது பெரியவாளுக்கு மரியாதை இல்லே, எனக்கு மரியாதை."

இவர், "அதெல்லாம் ஒண்ணுமில்லே மாமா, விடுங்கோ" என்றார். மகா பெருந்தன்மையாக. சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பும் மிரட்டலும் சரிபாதி இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே சயான் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லச் சரியான நேரம் அதுதான் என்று தெரிந்தது. சொல்லவில்லை. இவ்வளவு லேசாகத் தப்பிப்போம் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, "மாப்ளே ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லட்டும், கிங்ஸ் சர்க்கிள்லே நல்ல துணிக்கடை இருக்காமே, புதுசா ஒரு சூட்டுக்குத் துணி எடுத்துடறேன்" என்று கிளம்பியபோதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. இவரும் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, 'நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

அலமாரியிலிருந்து அடுக்கை எடுத்து அப்பா முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக அடுக்கினேன்.

"இதான்ப்பா கோட்டு" என்றேன்.

முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். அப்பா பெரிய பாத்திரத்தை எடுத்து விரல் மடிப்பால் தட்டிப் பார்த்தார்.

"வக்கீலாத்து மாமியும் இதத்தான் பண்ண இருந்தா" என்றார். "கூடைக்காரி வாசல்லே உக்காந்திருந்தா, மாமி கோட்டை நீட்டிண்டிருந்தா. நான்தான் குறுக்கே போய், மாமி, அத எனக்குக் குடுங்கோன்னேன். மாமிக்கு அன்னிக்கு வரவேண்டிய பாத்திரம், ஒரு ஜோடுதவலை, போச்சு. அதுக்கப்பறம் என்னோட ஆறு மாசம் பேசலே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு அஞ்சு குடுத்திருக்காளே! பம்பாய் பம்பாய்தான்" என்றார்.

அதற்குமேல் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் லீவு சொன்னது வீணாகப் போகவில்லை. துணிக்கடைக்குப் போவதற்குப் பதிலாக, மூன்று பேரும் தாராவிக்குப் போனோம். அப்பாவுக்கு அந்தப் பச்சை முதுகைத் தைத்தவரைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

குல்லாக்காரர் அப்பாவுக்குக் கறுப்பு டீ வரவழைத்தார். வெளியில் எங்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அப்பா, அதை ஊதி ஊதிக் குடித்தார். டியூப் லைட்டில் முதுகு பச்சையாகிப்போன விஷயத்தைக் கேட்டதும் குல்லாக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாவே! வெளிய கொண்டு போய்ப் பாத்திருக்கணும். மன்னிக்கணும் ஐயா, இருபது வருசமா இந்த பல்புதான் வெளிச்சம்னு ஆகிப்போச்சு." பிறகு இரண்டு பேரும் கோட்டைத் திருப்பும் கலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். கும்பகோணம் டெய்லர் பழைய காஜாவை எந்த நூலால் அடைத்தார், தேய்ந்த முழங்கையை எப்படி மறைத்தார், எல்லாம். இவர் இரண்டு தடவை வாட்ச்சைப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

கிளம்பும்போது அப்பா கேட்டார், "கம்பளிக் கோட்டு இன்னும் கெடைச்சா எடுத்துப்பேளா?"

"எத்தன இருந்தாலும் எடுத்துக்கிடுவேன் ஐயா."

அப்பா ஊருக்குப் போன இருபதாம் நாள் ஒரு பார்சல் வந்தது. உள்ளே மூன்று கறுப்புக் கோட்டுகள். கும்பகோணம் கோர்ட்டில் எந்த வக்கீல் ரிட்டையர் ஆனாலும், காலமானாலும், தொப்பை போட்டாலும், அவர் கோட்டு எங்கள் மாதுங்கா விலாசத்துக்கு வந்துவிடும் என்று ஆகிவிட்டது. முதல் பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது குல்லாக்காரர், "பிரிக்க ஆள் போதல்ல" என்று சலித்துக்கொண்டார். எனக்கு மத்தியானத்தில் வேலை ஒன்றும் இல்லை. ஒரு பழைய பிளேடும் காலி டப்பாவும் கொடுத்தார். தையலை எங்கே தொட்டால் நூல் ஒரே இழுப்பில் வரும் என்று பட்டறையில் இருந்தவர்கள் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் எங்கள் வீட்டில் கோட்டுகள் பிரிபட்டன. மாமிகள் அரட்டைக்கு வந்தால் ஆளுக்கொரு கோட்டுக் கையைக் கொடுத்துவிடுவேன், பேசிக்கொண்டே பிரிப்பார்கள். வக்கீல்களின் பைகளில் காய்ந்த வெற்றிலை, பஸ் டிக்கெட், ஒரு தடவை யாருடையதோ வாய்தாச் சீட்டு. இவருக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். சாதத்தில் கறுப்பு நூல் வந்தால், "இது எந்தக் கேஸ்?" என்று கேட்டுவிட்டு எடுத்து ஓரமாக வைப்பார்.

ஒரு நாள் உல்லாஸ்நகர் வியாபாரி பட்டறையில் இருந்தபோது நான் போயிருந்தேன். அவர் ஒரு பனிச்சட்டையைத் தூக்கிக் காட்டி, லூதியானாவில் கறுப்புச் சட்டைக்குத்தான் கிராக்கி, அழுக்குத் தெரியாதாம், இன்னும் வேண்டும் என்று குல்லாக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தார். குல்லாக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா செய்ய? கும்மோணத்துல அம்புட்டு வக்கீல் இருக்காவளா?"

எழுதிக் கேட்கிறேன் என்றேன்.